ரெண்டு பிரேக் வண்டி

— கிளட்ச், கிளட்ச்! முதல்ல கிளட்சை அமுக்கு, அப்புறம் அப்பனைத் திட்டு.

— கிளட்ச் மேலதான்ப்பா கால் வெச்சிருக்கேன். பிரேக்கை அமுக்கினது நீங்க. கத்துக் குடுக்கற வண்டி, உங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்கு, சரி. அதுக்காக நிமிஷத்துக்கு ஒரு தடவை மிதிச்சே ஆகணுமா?

— இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நான்தான் வண்டி ஓட்டக் கத்துக் குடுத்திருக்கேன். கால் தானா போகுது. சிம்பிள். அந்தப் பெரியவர் ரோட்டைத் தாண்டப் பாத்தார்.

— அவர் பஸ்ஸுக்கு நிக்கறார்ப்பா. கைல பை, கண்ணு பஸ் வர்ற பக்கம்.

— சரி சரி, ஃபர்ஸ்ட் கியர். எடு. அங்க இன்னிக்கு மழையாம்.

— எங்க?

— ஆத்தங்கரை யுனிவர்சிட்டி ஊர்ல. காலைல ஃபோன்ல பாத்தேன்.

— நான் படிக்காத ஊர்ல மழை பெஞ்சா எனக்கென்னப்பா? மூணு வருஷமா அந்த ஊர் வானிலை அறிக்கை வாசிக்கறீங்க. நம்ம மொட்டை மாடில காயற துணி நனைஞ்சா மட்டும் உங்களுக்குத் தெரியாது.

— படிக்காத ஊர்னு யாரால ஆச்சு? அன்னிக்கு அவங்க கூப்பிட்டுக் குடுத்த சீட்டை வேண்டாம்னு தள்ளிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கற இந்த யுனிவர்சிட்டியைப் பிடிச்சுக்கிட்ட. சரி, சின்னப் பொண்ணு, விவரம் பத்தலன்னு விட்டேன்.

— எங்க விட்டீங்க? சோத்துல உப்பு கம்மின்னாலும் 'அங்க போயிருந்தா'ன்னுதானே ஆரம்பிக்கறீங்க.

— சொல்றதைக் கேளு. இப்ப மேல்படிப்புக்கும் அதே ரெண்டு யுனிவர்சிட்டியும் வா வான்னு கூப்பிடறாங்க. விட்ட பஸ்ஸே திரும்பி வந்து வாசல்ல நிக்குது. யாருக்கு இப்படி வரும்? எது வேணும்னு ஃபோன்ல அமுக்கிச் சொல்லணும், இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட கதவைச் சாத்திடுவாங்க. நீ என்னடான்னா நிதானமா ரிவர்ஸ் எடுக்கப் பழகிட்டிருக்க.

— லைசன்ஸ் டெஸ்ட் வருது, வா பழகலாம்னு என்னை இழுத்துட்டு வந்தது யாரு?

— வீட்ல உக்காந்து பேச முடியுதா?

— அது முடியாதுதான்.

— இண்டிகேட்டர் போடு. லெஃப்ட்ல திரும்பு. கண்ணாடியைப் பாரு, என் மூஞ்சியை இல்ல. இப்ப சொல்லு. எதைக் கண்டு இந்த யுனிவர்சிட்டிலயே இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கணும்னு ஆசை? நீயே வந்து புலம்பினியே, தண்ணியைப் பத்தின படிப்பு, லேப் குழாய்ல தண்ணி வரலன்னு.

— பக்கெட்ல புடிச்சு வெச்சுப்போம்.

— ஆறு எப்படி ஓடுதுன்னு பக்கெட்ல பாக்கறீங்க! பாடம் எடுக்கற சார் என்ன பண்றார்னு சொன்ன? ஸ்கிரீன்ல இருக்கறதை அப்படியே படிக்கறார். கமா எங்க வருதோ அங்க மூச்சு விடறார்.

— எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கங்க. நான் வாயைத் திறந்ததே தப்பு.

— உனக்கு வயித்தெரிச்சலே இல்லையா?

— இல்லாம? எனக்கு என்ன கல்லுலயா நெஞ்சு? அங்க போன என் ஃப்ரெண்டு ஆத்துல முழங்கால் தண்ணில நின்னுக்கிட்டு போட்டோ அனுப்பறா. தண்ணி எவ்வளவு வேகமா போகுதுன்னு அளக்கற கருவி அவ கைல. நான் 'சூப்பர்டி'ன்னு பதில் போட்டுட்டு ஃபோனைக் கவுத்து வெச்சுடறேன். அன்னிக்குப் பூரா எனக்கு எதுவும் ஓடாது. போதுமா? இதைக் கேக்கத்தானே இவ்வளவு நேரம் கிண்டினீங்க?

— அப்புறம் எதுக்குடி மறுபடியும் இங்கேயே?

— நான் எடுத்த முடிவு. நான் பாத்துக்கறேன்.

— பயம். சிம்பிள். சின்னதுலேர்ந்தே உனக்குப் பயம். யாராவது வீட்டுக்கு வந்தா கட்டிலுக்கு அடியில போய்ப் பூந்துக்குவ. அதான் எலின்னு பேர் வெச்சேன்.

— வெச்சதோட நிறுத்தினீங்களா? வண்டி கத்துக்க வர்றவங்ககிட்ட எல்லாம் 'எங்க எலிக்கு ஹாஸ்டல்னா உதறல்'னு சொல்லிச் சிரிக்கறீங்க. போன வாரம் பேங்க்ல ஒரு அம்மா என்னை நிறுத்தி, 'நீதானேம்மா அந்த வீட்டை விட்டுப் போகாத பொண்ணு'ன்னு கேக்கறாங்க. எனக்கு எப்படி இருக்கும்?

— உண்மையைத்தானே சொன்னேன். லாரி வருது, ஒதுங்கு. உன் ஃபோன் அடிக்குது பாரு.

— அம்மாதான். ஸ்டாண்டுல இருக்குல்ல, ஸ்பீக்கர்ல போடுங்கப்பா. என் கை ஸ்டியரிங்ல இருக்கு. அம்மா, சொல்லு. வண்டி ஓட்டிட்டிருக்கேன்.

— நான் ஒண்ணும் சொல்லல. உங்கப்பாகிட்ட மேல் அலமாரி சாவி எங்கன்னு மட்டும் கேளு.

— அப்பா, மேல் அலமாரி சாவி எங்க?

— எதுக்குன்னு கேளு.

— எதுக்குன்னு கேக்கறார்மா.

— எதுக்கோ. சொல்றதுன்னா சொல்லச் சொல்லு, இல்லன்னா பூட்டை உடைச்சுடுவேன்னு சொல்லு.

— உடைச்சுடுவாங்களாம்ப்பா.

— அதெல்லாம் வேண்டாம்னு சொல்லு. என் பழைய கறுப்பு ஷூவுக்குள்ள இருக்கு.

— கறுப்பு ஷூவுக்குள்ள இருக்காம்மா.

— ஷூவுக்குள்ளயா? நல்லா இருக்கு, சாவி வைக்கிற இடம்! ஃபோனை வெச்சுடாத, லைன்லயே இரு. அங்க இல்லன்னா மறுபடி உன்னைக் கூப்பிட்டு, நீ அவர்கிட்ட கேட்டு... இரு, போய்ப் பாத்துட்டு வர்றேன்.

— பாத்தீங்களாப்பா? ஒரே ஃபோன். அவங்க பேசறது உங்களுக்குக் கேக்குது, நீங்க பேசறது அவங்களுக்குக் கேக்குது. நடுவுல நான் என்னத்துக்கு? தபால்காரி கணக்கா?

— ரோட்டைப் பாரு. பள்ளம்.

— பாத்துட்டேன்.

— பேச்சை மாத்தாத. ஒரே ஒரு காரணம் சொல்லு. அந்த ஊருக்குப் போகாததுக்கு ஒத்துக்கற மாதிரி ஒரே ஒரு காரணம். சொல்லிட்டா இனிமே அந்த யுனிவர்சிட்டி பேரை எடுக்க மாட்டேன். மழை வெயில் எதுவும் பாக்க மாட்டேன்.

— சொன்னா பிரேக் போட மாட்டீங்களே?

— மாட்டேன். காலைத் தூக்கி ஓரமா வெச்சாச்சு, பாரு.

— நான் போயிட்டா உங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவுல யார் நிப்பா?

— என்ன பேச்சு இது? பெரியவங்க விஷயம், உனக்கெதுக்கு?

— எனக்கெதுக்கா? அந்த யுனிவர்சிட்டியைப் பாக்க மூணு பேரும் போனோமே, இதே வண்டில. திரும்பி வர்றப்போ நீங்க ஓட்டினீங்க. அம்மா, நீங்க இப்ப இருக்கற சீட்ல. நான் பின்னாடி. ஹாஸ்டலுக்குன்னு அன்னிக்கு எனக்கு ஒரு பெரிய பெட்டி வாங்கினீங்க. அது மேல தலை வெச்சுப் படுத்திருந்தேன்.

— தூங்கிட்டிருந்த.

— தூங்கல. நீங்க மெதுவா சொன்னீங்க. 'இவ ரயில் ஏறினதும் நான் டிரைவிங் ஸ்கூல் மாடி ரூமுக்குப் போயிடறேன்'னு. அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'நான் ஒண்ணும் சொல்லல, அவ போற வரைக்கும் முகத்துல காட்டிக்காதீங்க.' அவ்வளவுதான். ரெண்டு பேரும் குரலைக்கூட உசத்தல. கரண்ட் பில் யார் கட்டறதுன்னு பேசற மாதிரி பேசி முடிச்சீங்க. அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசி நான்... அப்பா! என்ன பண்றீங்க! நடு ரோட்டுல! பின்னாடி வர்றவன் ஹாரன் அடிக்கறான்!

— கால்... தானா போயிடுச்சு.

— எடுங்க காலை! ஓரமா நிறுத்தறேன். அந்த பெயிண்ட் கடை வாசல்ல நிறுத்தறேன். என்னமோ திட்டிட்டுப் போறான் பாருங்க. உங்களைத் திட்ட வேண்டியதை என்னைத் திட்டறான். எனக்குன்னு எழுதி வெச்சிருக்கு.

— ஹேண்ட் பிரேக்கைப் போடு.

— போட்டாச்சு.

— அப்போ... ஹாஸ்டல் பயம் இல்லையா?

— பயம்தான். ஹாஸ்டலைப் பாத்து இல்ல. நான் ரயில் ஏறினா, லீவுக்கு வர்றதுக்கு நம்ம வீடு இருக்காதுன்னு பயம். நான் ஏறலன்னா நீங்களும் போக முடியாதில்ல? சிம்பிள்.

— எலி...

— அப்படிக் கூப்பிடாதீங்கப்பா. இன்னிக்கு வேண்டாம்.

— உன்னை யாரு இதைச் செய்யச் சொன்னா?

— யாரும் சொல்லல. அதனாலதான் யாரையும் திட்டவும் முடியல. உங்களைத் திட்டலாம்னா நீங்க எனக்காகத்தான் கத்தறீங்க. அம்மாவைத் திட்டலாம்னா அவங்க எதுவுமே சொல்றதில்ல. ராத்திரி தலையணையைத்தான் குத்தறேன்.

— ஒரு ஆத்தையே விட்டுட்டு எதைடி காப்பாத்தின? நான் டிவி முன்னாடி உக்காந்து சாப்பிடறேன். அவ அடுப்பு பக்கத்துல நின்னுக்கிட்டே சாப்பிடறா.

— நடுவுல மேஜைல தனியா உக்காந்து சாப்பிடறது நான்தானே. எனக்குத் தெரியாதா?

— ஒரே வீட்ல இருக்கறதுக்குப் பேரு சேர்ந்து இருக்கறதாம்மா? அவ வாயால 'என்னங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டு எவ்வளவு நாளாச்சு. 'உங்கப்பாகிட்ட சொல்லு.' இப்ப அதான் என் பேரு.

— உங்ககிட்ட மட்டும் என்ன வாழுதாம்? 'உங்கம்மாகிட்ட கேளு.' போன மாசம் உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்போ, அம்மா ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு என்கிட்ட கேக்கறாங்க, 'மாத்திரை போட்டாராமா'ன்னு. நீங்க படுத்துக்கிட்டு என்கிட்ட சொல்றீங்க, 'போட்டேன்னு சொல்லு'ன்னு. எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

— ...ஒரு கோர்ட்டு, ஒரு வக்கீலுன்னு போகாம, உன் படிப்பு கெடாம, அமைதியா பிரிஞ்சுடலாம்னு நெனச்சோம். நீ போகட்டும்னு நாங்க காத்திருக்கோம். நாங்க சரியாகட்டும்னு நீ காத்திருக்க. யார் முதல்ல எடுக்கறதுன்னு தெரியாம மூணு வண்டி முட்டிக்கிட்டு நிக்கற மாதிரி.

— ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. இப்ப என்னைப் போ போன்னு தள்ளறது எனக்காகவா, மாடி ரூமுக்காகவா?

— என்னடி இப்படிக் கேட்டுட்ட?

— கேக்கணும்ல.

— உனக்காகத்தான்... இல்ல, முழுசா அப்படிச் சொன்னா பொய். நீ போனா எனக்கும் ஒரு வழி பிறக்கும்னு தோணினது உண்மை. ஆனா அந்த ஊர் மழையைப் பாக்கறேனே, அது அதுக்காக இல்ல. மழைக்காலத்துலயும் குடையை மறந்துட்டுப் போற பொண்ணு நீ. இன்னிக்கு அங்க இருந்திருந்தா நனைஞ்சிருப்பியேன்னு பாப்பேன். பாத்துட்டு, இங்கதானே இருக்கான்னு ஒரு நிம்மதி. அடுத்த நிமிஷமே, ஐயோ இங்கேயே இருக்காளேன்னு ஒரு ஆத்திரம். அந்த ஆத்திரத்துலதான் கத்திடறேன்.

— இதை ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?

— நீயும் பெட்டி மேல படுத்துக்கிட்டு எழுந்து உக்காந்திருக்கலாம்ல?

— எழுந்து உக்காந்து என்னன்னுப்பா கேக்கறது...

— அழாத. கர்ச்சீப் டேஷ்போர்டுல இருக்கு. அது இல்ல, அது கண்ணாடி தொடைக்கற துணி.

— எல்லாம் ஒண்ணுதான். மணி என்னப்பா?

— அஞ்சாகப் போகுது.

— எதை அமுக்கினாலும், ரெண்டு வருஷம் கழிச்சு இதே வண்டில உக்காந்து இன்னொண்ணைப் பத்தித்தான் சண்டை போடுவோம். எனக்கு வெறுத்துப் போச்சுப்பா.

— ஃபோனை எடு. உனக்கு எது வேணுமோ அதை அமுக்கு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கறேன்.

— எடுக்கறேன்... ஐயோ!

— என்ன?

— லைன் கட் ஆகல. அம்மா? அம்மா, இருக்கியா?

— இருக்கேன்.

— எப்பலேர்ந்து?

— நீ பின்சீட்ல தூங்கலன்னு சொன்னதுலேர்ந்து. ஹாரன் சத்தம் கேட்டப்போ உயிரே போச்சு. வாயைத் திறந்தா நீங்க பேச்சை நிறுத்திடுவீங்கன்னு சத்தம் போடாம கேட்டுட்டே இருந்தேன்.

— அம்மா, அது வந்து... அப்பாகிட்ட ஏதாவது சொல்லணுமா? சொல்லு, நான் சொல்றேன்.

— வேண்டாம். நீ கொஞ்சம் சும்மா இரு. என்னங்க...

— ம்... சொல்லு.

— சாவி கிடைச்சுது. அவ பெட்டியைத்தான் கீழ இறக்கினேன், தொடைச்சு வெச்சாச்சு. நம்ம வீட்ல பெட்டின்னு இருக்கறது இது ஒண்ணுதான், இதை அவ எடுத்துட்டு ஆத்தங்கரைக்குப் போகட்டும்; உங்களுக்குன்னு ஒண்ணு வாங்கணுமா வேண்டாமான்னு, வீட்டுக்கு வாங்க, நாம ரெண்டு பேருமே பேசி முடிவு பண்ணிக்கலாம்.