சங்கப் பாட்டில் பேசாத அம்மா

பாடாங் செராய் பசாரில் நாசி லெமாக் சோறு வாங்க வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால், தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள்.

“சங்கக் காதல் பாட்டுல காதலி பேசுவா, தோழி பேசுவா, காதலியோட அம்மாகூட பேசுவாங்க. பையனோட அம்மா மட்டும் வாயே தொறக்க மாட்டாங்க.”

“அப்ப அந்தக் காலத்துலயே கட்டிக்கிட்டுப் போயிருக்கணும் லா! என் ஆளு எதுக்கெடுத்தாலும் ‘அம்மாவக் கேட்டுச் சொல்றேன்’ங்கிறான்.”

“யாருடி அவன்?”

“அந்தப் பாட்டுல காதலன் பேரு சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்ன? செவப்பு மோட்டாரு ஓட்டுவான், முன்பல்லு ஒண்ணு இல்ல. போதுமா?”

எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மெல்லத் திரும்பினார்.

“என் மவனுக்குப் பல்லு கட்டியாச்சு. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாம்மா. நானும் கொஞ்சம் பேசணும்.”