எண்ணாமல் தூக்கியவர்கள்

"பந்து பிடிக்கிறவனை வேற டீமுக்குக் குடுத்திட்டு இவங்கள் என்னெண்டு விளையாடப் போறாங்கள்?"

கோட்-டெ-நெய்ஜ் வீதி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஆஸ்பத்திரிச் சீருடையோடு இருவர். சத்தம் போட்டவர் மூத்தவர். அடுத்த மாதம் தொடங்கும் பேஸ்போல் சீசனைப் பற்றித்தான் பேச்சு.

"அண்ணை, அவனை விடத் திறமான ஆளை எடுத்திருக்கிறாங்கள். எறியிறதுக்கும் ரெண்டு பேர் புதுசு. இந்தமுறை கப் எங்களுக்குத்தான்."

"திறம் கிடக்கட்டும். எட்டு வருசமா அவன் குந்தியிருந்து விரலைக் காட்டினாக் காணும், எறியிறவன் எறிஞ்சிடுவான். புது ஆளோட ஒவ்வொரு பந்துக்கும் யோசிக்க வேணும்."

"பழகிடும், அண்ணை."

"நீயும் நானும் நோயாளியைக் கட்டில் மாத்தேக்கை எப்பவாவது ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எண்ணினனாங்களோ?"

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லை."

"எப்ப போறாய்?"

"திங்கக்கிழமை. ரொக்ஸ்பரோப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு. வீட்டுக்குக் கிட்ட, அண்ணை."

"அதை நான் சுவரில ஒட்டின இடமாற்ற லிஸ்டில பாக்க வேண்டிக் கிடந்தது."

பஸ் நின்றது. இளையவர் எழுந்தார். கதவு திறந்த பிறகும் கம்பியை விடாமல் நின்றார்.

"புது ஆளோட எண்ணித் தூக்குங்கோ, அண்ணை. குனியேக்கை உங்கட நாரி பிடிக்கிறது அவனுக்குத் தெரியாது."