எடை ஏறும் வரிசை

ஃபேனைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், ஐயா. நான் மெதுவாகப் பேசுகிறவன். நீங்கள் திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டிவரும்.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து ஏற்றும் பம்ப்களைத் தயாரிக்கிறது. நோயாளியின் எடையைத் தட்டினால், நரம்பில் மருந்து என்ன வேகத்தில் இறங்க வேண்டும் என்று அதுவே கணக்குப் போடும். அந்தக் கணக்கை எழுதியவன் நான். அது சரியா என்று பார்க்கச் சின்னச் சின்ன சோதனை புரோகிராம்கள் உண்டு. டெஸ்ட் என்போம். தேறினால் திரையில் பச்சை, தோற்றால் சிவப்பு. எதை முன்னால் ஓட்டினாலும், எதைப் பின்னால் ஓட்டினாலும் பச்சை வர வேண்டும். அதுதான் முறை.

டெஸ்ட் பார்க்கும் பெண்ணுக்கு ‘குலுக்கல் ராணி’ என்று பெயர் வைத்திருந்தோம். வரிசையைக் கலைத்துப் போட்டு ஓட்டுவதில் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. பம்ப் வெளியே போவதற்கு முந்தின நாள் என் மேஜைக்கு வந்தாள்.

“அண்ணா, கலைச்சு ஓட்டினா சிவப்பு வருது.”

“அப்போ கலைக்காதே.”

“விளையாடாதீங்கண்ணா. பெரிய ஆளுக்கு அப்புறம் குழந்தை வந்தா, பெரிய ஆளோட எடையையே பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. அவ்வளவு மருந்தைக் குழந்தை தாங்குமா?”

“நான் பார்த்துக்கறேன். நீ கிளம்பு.”

பார்த்தேன். எடை ஏறினால் கணக்கு சரி, இறங்கினால்தான் தப்பு. தப்பைத் தேடிப் பிடிக்க நாளாகும். வரிசையைக் கட்டிப்போட ஒரே ஒரு வரி போதும். முதலில் குழந்தை, பிறகு பெண், கடைசியில் பயில்வான். எல்லாம் பச்சை. சரிசெய்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன்.

பம்பை ஒருமுறை அணைத்துப் போட்டால் பழைய எடை மறந்துபோகும். அது எனக்கு மட்டும் தெரியும். ஆஸ்பத்திரியில் யாரும் அணைப்பதில்லை. பேட்டரியில் ஓடியபடியே படுக்கைக்குப் படுக்கை போகும்.

போன மாதம் அக்கா மகளை எங்கள் பம்ப் ஓடும் ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் சேர்த்தார்கள். பெரியவர்கள் வார்டிலிருந்து நர்ஸ் இரண்டு பம்ப்களைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒன்று எங்களுக்கு, ஒன்று பக்கத்துப் படுக்கைப் பையனுக்கு. எங்களுடையதை நான் அணைத்துப் போட்டேன்.

“சார், மெஷின்ல கை வைக்காதீங்க.”

“சும்மா இரும்மா, அதுக்கு மூளை வச்சதே என் தம்பிதான்,” என்றாள் அக்கா. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பையனின் அப்பா எட்டிப் பார்த்தார். “தம்பி, இதையும் கொஞ்சம் பார்த்துடுங்களேன்.”

யோசித்தேன். ஒன்றை அணைத்தால் தாய்மாமனின் பதற்றம். இரண்டையும் அணைத்தால் பம்பில் கோளாறு என்று தெரிந்துவிடும். நர்ஸ் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் பையனின் எடை சரியாகத்தான் தெரிந்தது. உள்ளே ஓடுவது வேறு எடை.

“எல்லாம் சரியா இருக்கு சார்,” என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆமாம், தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பையனின் மூச்சு தடுமாறியதை முதலில் கவனித்ததும் நான்தான். டாக்டரைக் கூப்பிட ஓடியதும் நான்தான். அதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. ஆபத்தில் உதவாதவன் என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாது.