யாரும் வந்து திட்டக்கூடிய வானொலி

மேடையில் அமர்ந்திருக்கும் வானொலி அறக்கட்டளைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இருக்கும் காலை அக்காவின் கணவரே, அவர் மகளே, கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் சந்தை வியாபாரிகளே, சீருடை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருக்கும் செவிலியர்களே, உட்கார இடமில்லாமல் வாசல்வரை நிற்கும் நேயர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் செய்தி வாசிப்பவன். எழுதிக் கொடுத்ததைப் பிசகாமல் வாசிப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. இன்றைக்கு என் கையில் தாள் எதுவும் இல்லை. எழுத உட்கார்ந்தேன், முதல் வரியிலேயே "மறைந்த நிலைய இயக்குநர்" என்று எழுத வேண்டியிருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஆகவே தட்டுத்தடுமாறிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வானொலியின் இயக்குநர் அவர். பதவிப் பெயர் அது. ஆனால் இந்த ஊரில் யாராவது அவரை இயக்குநர் என்று அழைத்ததுண்டா? காலை அக்கா என்றால்தான் தெரியும். இரும்புக்கடை மாடியில், சுவரெல்லாம் பழைய மெத்தையை அடித்து ஒட்டிய ஓர் அறையில் உட்கார்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம்மை எழுப்பிய குரல் அது. கீழே லாரி பின்னோக்கி நகரும்போது போடும் ஓசை அடிக்கடி நம் ஒலிபரப்பில் கலந்துவிடும். அக்கா பேச்சை நிறுத்திவிட்டு, "கீழ கம்பி இறக்குறாங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்பார். வேறு எந்த நிலையத்தில் அப்படிச் சொல்வார்கள்?

அவர் செய்த பணிகளை வரிசையாகச் சொன்னால் பொழுது போதாது. சொன்னாலும், "செய்தியாரே, சுருக்குங்க" என்று எங்கிருந்தாவது கையைக் காட்டுவார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார், செய்தியாரே என்று. ஆகவே உள்ளூர் வானொலி எதற்காக இருக்க வேண்டும் என்பதை அவர் எப்படிக் கண்டுகொண்டார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அது தொடங்கியது ஒலிபரப்பு அறையில் அல்ல. மருத்துவமனையில்.

சில ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் பிரிவில் போய்ப் படுக்க வேண்டும். சன்னல் இல்லாத அறை அது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், பேச்சுத் துணை கிடையாது. அதனால் செவிலியர் அங்கே வானொலியைப் போட்டு வைப்பார்கள். ஒருநாள் மாலை அதில் ஓடிக்கொண்டிருந்தது அக்காவின் நிகழ்ச்சியேதான். முன்பே பதிவு செய்த "அந்தி நேரம்". பழைய பாட்டுகளுக்கு நடுவே வானத்தைப் பற்றியும் மேகத்தைப் பற்றியும் அவர் பேசுவார். உலகத்தில் அவருக்கு அதைவிடப் பிடித்த வேலை கிடையாது. "வீட்டுலயும் அதைத்தான் பேசுறா, ரேடியோவுலயும் அதைத்தான் பேசுறா, எனக்கு ரெண்டு தடவை" என்று அவர் கணவர் கேலி செய்வார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரர். இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் செவிலியரைக் கூப்பிட்டிருக்கிறார்.

"சிஸ்டர், புண்ணியமாப் போகும், அதை நிறுத்துங்க. அந்தம்மா பேசியே கொல்றாங்க. சன்னலே இல்லாத இடத்துல படுத்துக்கிட்டு மேகத்தை வச்சு நான் என்ன பண்றது?"

அக்கா முகக்கவசத்தோடு படுத்திருந்தார். இன்னொருவராக இருந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பார். அக்கா கேட்டிருக்கிறார்:

"வேற என்ன சொன்னா கேப்பீங்க அண்ணே?"

"ஆறாம் நம்பர் பஸ் இன்னிக்கு ஓடுதா இல்லையான்னு சொல்லட்டும். இங்க முடிச்சுட்டு வெளிய போனா எனக்குக் கால் நிக்காது. வராத பஸ்ஸுக்கு எத்தனை நாள் அந்த பஸ் ஸ்டாப் கல்லுல உக்காந்திருக்கேன் தெரியுமா?"

கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "உங்க குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேம்மா?"

"தினமும் கொல்ற குரல்தான் அண்ணே."

இதை அக்கா எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் மறுநாள் காலை ஒலிபரப்பில் முதல் அறிவிப்பே ஆறாம் எண் பேருந்து பற்றியதாக இருந்தது. அன்றோடு அவர் விடவில்லை. ஒலிபரப்பு முடிந்ததும் ஊரைச் சுற்றக் கிளம்பிவிட்டார். சலவைக்கடை, முடிதிருத்தும் கடை, செவிலியர் விடுதி, கல்லூரி வாசல் என்று போய், எங்களிடமிருந்து என்ன வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பல இடங்களுக்கு நானும் கூடப் போனேன். ஒருவர் பாட்டு வேண்டும் என்றார். அடுத்தவர் பாட்டே வேண்டாம் என்றார். முடிதிருத்துபவர் மட்டும் தெளிவாகச் சொன்னார்: "பேசுங்க, பாடுங்க, எது வேணாப் பண்ணுங்க. நான் கஸ்டமர்கிட்டப் பேசுறப்ப மட்டும் குறுக்க பேசாதீங்க."

கல்லூரிப் பிள்ளைகள் எங்களைப் பாவமாகப் பார்த்தார்கள். "கேக்குறதே இல்லக்கா. எல்லாம் போன்லயே வருதே" என்றார்கள். திரும்பி வரும் வழியில் நான் கோபப்பட்டேன். இந்தத் தலைமுறைக்கு ரசனை இல்லை என்றேன். அக்கா நின்றுவிட்டார்.

"அவங்க சொன்னது உண்மைதானே செய்தியாரே? போன்ல உலகமே வருது. ஆனா நம்ம தெருவுல ஏன் தண்ணி வரலன்னு அதுல வருதா? அதை யாராவது போய்க் கேட்டு வந்து சொல்லணும்ல? அந்த வேலை சும்மாதானே கிடக்கு?"

அடுத்த வாரம் "அந்தி நேரம்" நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அவரே நிறுத்தினார். மகள் சண்டை போட்டாள், நான் சண்டை போட்டேன். அதன் இடத்தில், காலையில் நேயர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை தேடிப் போய் மாலையில் சொல்லும் நிகழ்ச்சி வந்தது. கண் மருத்துவர் எந்தக் கிழமை வருவார்? தெருவிளக்கு ஏன் எரியவில்லை? பள்ளிக்கூடத்துச் சுவர் எப்போது கட்டி முடியும்? பதில் கிடைத்தால் சொன்னோம். கிடைக்காத நாளில், கிடைக்கவில்லை என்று சொன்னோம். தனக்கு மிகவும் பிடித்த ஒன்றைத் தன் கையாலேயே நிறுத்த எத்தனை பேருக்கு மனம் வரும்? நிறுத்திய அன்று மாலை, அந்த வெற்று நேரத்தில், அவர் ஒலிபரப்பு அறையில் தனியாக உட்கார்ந்திருந்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. சில துக்கங்களுக்குத் துணை தேவையில்லை.

அன்பர்களே, காலை அக்கா தவறே செய்யாதவர் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்கே பிடிக்காது. அவர் செய்த ஒரு பெரிய தவறைத்தான் இங்கே சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில்தான் அவரை முழுதாகப் பார்த்தேன்.

ஒரு மழைக்காலக் காலையில் யாரோ தொலைபேசியில் அழைத்து, ஆற்றுப் பாலத்தை மூடிவிட்டார்கள் என்றார். அக்கா அதை அப்படியே சொல்லிவிட்டார். உண்மையில் பாலம் திறந்துதான் இருந்தது. பக்கத்துச் சாலையில் குழாய் பழுது பார்க்க மறித்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அக்கரையிலிருந்து வர வேண்டிய வியாபாரிகள் வானொலியைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பறித்த கீரையெல்லாம் வாடிப்போயிற்று.

மறுநாள் காலை எந்த முன்னுரையும் இல்லாமல் அக்கா சொன்னார்: "நேத்து நான் சொன்னது தப்பு. ஒருத்தர் சொன்னதை விசாரிக்காம உங்ககிட்ட சொல்லிட்டேன். இன்னிக்குச் சந்தைக்கு வர்றேன். திட்டணும்னு நினைக்கிறவங்க வந்து திட்டலாம்."

அவர் உண்மையிலேயே போனார். சந்தை நடுவில் ஒரு காய்கறிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஒலிப்பதிவுக் கருவியோடு பக்கத்தில் நின்றேன். வந்தார்கள், திட்டினார்கள். கீரைக்கார அம்மா ஒருவர் திட்டியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

"வேற எவனாவது சொல்லியிருந்தா ஒரு எட்டுப் போயிப் பாத்திருப்பேன்ல? நீ சொன்னேன்னுதானே வீட்டுல உக்காந்தேன்? நீ சொன்னா போய்ப் பாக்க வேண்டியதில்லைன்னு இருந்தேனே, அது என் தப்பா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்பு என்னுதும்மா. இன்னும் இருந்தா அதையும் சொல்லுங்க" என்றார். அந்த அம்மா இன்னும் சொன்னார். எல்லாவற்றையும் அன்று மாலை ஒலிபரப்பினோம். ஒரே ஒரு சொல்லை மட்டும் நான் வெட்டினேன். அது என்ன சொல் என்று தெரிய வேண்டுமானால், அந்த அம்மா இங்கேதான் இருக்கிறார், கூட்டம் முடிந்ததும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ஒரு விதி வந்தது. இனி எந்தச் செய்தியையும் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்யாமல் சொல்வதில்லை. யார் சொன்னாலும் சரி.

ஆனால் அந்தத் தவறு வேறு இடத்திலும் போய் முட்டியது. அறக்கட்டளையில் அப்போதே ஒரு யோசனை இருந்தது: பெருநகரத்திலிருந்து பாட்டும் பேச்சும் வரவழைத்துக்கொள்வது, உள்ளூர் அறிவிப்புகளைக் கணினிக் குரலில் வாசிக்க விடுவது. பாலத்துத் தவறுக்குப் பிறகு அந்த யோசனைக்கு வலு வந்துவிட்டது. தலைவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பணத் தட்டுப்பாட்டில் நிலையத்தை மூடிவிடாமல் காப்பாற்ற வழி தேடினார், அவ்வளவே. கூட்டத்தில் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினார்கள். சுத்தமான உச்சரிப்பு. ஒரு மரண அறிவித்தலை வாசித்தது. அடுத்து நாற்காலிக் கடை விளம்பரம். இரண்டையும் ஒரே இனிமையோடு வாசித்தது.

அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நல்லா வாசிக்குது சார். என்னைவிட நல்லா வாசிக்குது. அதுல எனக்கு வருத்தமில்லை. ஆனா இது தப்பாச் சொல்லிட்டா, அந்தக் கீரைக்காரம்மா யாரைப் போய்த் திட்டுவாங்க?"

தலைவர் அவர்கள்தான் முதலில் ஒப்புக்கொண்டு தலையை அசைத்தார். காலை நேரம் உள்ளூர்க் குரலோடு தொடரட்டும், மாலைக் கேள்வி நிகழ்ச்சி இருக்கட்டும், மற்ற நேரத்துக்கு நகரத்து ஒலிபரப்பு என்று முடிவாயிற்று. அது வெற்றியா? இல்லை. பாதிக்கு மேல் கைவிட்டுப் போயிற்று. படியிறங்கும்போது அக்கா சொன்னது இதுதான்: "கிடைச்ச நேரத்துல ஒழுங்கா வேலை செய்வோம் செய்தியாரே. மீதியைப் பிறகு கேப்போம்."

கேட்பதற்கு அவருக்குக் காலம் கிடைக்கவில்லை.

போன வாரம் விடிகாலை, முதல் செய்திக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது அவர் மகள் என்னை அழைத்தாள். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். நான் அழுதுவிட்டேன். கொஞ்ச நேரம் அவளும் அழுதாள். பிறகு அவளே சொன்னாள்:

"ஆஸ்பத்திரிக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுச் சொல்லுங்க மாமா. நான் சொன்னேன்னு மட்டும் சொன்னா அம்மா கோவிச்சுக்குவாங்க."

பெற்ற மகள் சொன்னதை நான் நம்பவில்லையா? நம்பினேன். ஆனாலும் மருத்துவமனைக்கு அழைத்தேன். டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர் எடுத்தார். "நான் வானொலியிலிருந்து பேசுகிறேன்" என்றதும் அவரும் அழத் தொடங்கிவிட்டார். செய்தி உறுதியாயிற்று. மைக்கின் முன் உட்கார்ந்து, வேறு யாருடைய மரண அறிவித்தலையும் போலவே, முதலில் பெயர், பிறகு வயது, பிறகு குடும்பத்தார் என்று வாசித்தேன். குரல் உடையாமல் வாசிக்க அவர்தான் என்னைப் பழக்கியிருந்தார். அன்றைக்கு உடைந்தது. கேட்டவர்கள் மன்னித்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு வாரமாக எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். அக்கா போய்விட்டார், காலை நேரம் இருக்குமா, அதுவும் போய்விடுமா? எனக்குத் தெரியவில்லை. தலைவர் அவர்கள் மேடையில்தான் இருக்கிறார். துக்கம் கேட்க வந்தவரிடம் கோரிக்கை வைப்பது முறையல்ல, நான் வைக்கவில்லை. ஆனால் ஐயா, அந்தக் கேள்வி ஏற்கெனவே மாலை நிகழ்ச்சிக்கு வந்துவிட்டது. நாளை மாலைக்குள் உங்களிடம் கேட்டு நேயர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அலுவலகத்துக்கு வருகிறேன்.

வாசலில் நிற்பவர்களே, நாங்கள் கொடுக்கும் உறுதிமொழி பெரியதல்ல. தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததைத் தெரியாது என்போம். தவறு செய்தால் நாங்களே முதலில் சொல்லிவிட்டு உங்கள் முன் வந்து உட்காருவோம். அப்படிப்பட்ட வானொலிக்கு எதிர்காலம் உண்டா என்றால், அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

அக்கா இந்த வாரம் போக நினைத்திருந்த இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஊர்க் கோடியில் புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு. எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். இப்படி ஒரு வானொலி இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. நாளை ஒலிபரப்பு முடிந்ததும் நானும் அக்காவின் மகளும் அங்கே போகிறோம். முதல் மாடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டப் போகிறோம்.

அவர்கள் நம்மைக் கேட்பதில்லை. நாம் போய் அவர்களைக் கேட்கிறோம்.