என் முன்னிலையில் ஒப்பமிட்டார்

ரிப்பன் வாங்கினால் நான் பச்சை நிறம் மட்டும்தான் வாங்குவேன், மேடம். படப்பையில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வாடிக்கை. எனக்குப் பெண் பிள்ளைகள் நிறைய என்று கடைக்கார அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் நீட்டு முடியா என்று ஒருநாள் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வெளிநாட்டுக்குப் போகிற பத்திரத்தை ரிப்பனில் கோத்து, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு வைத்தால்தான் அங்கே உள்ளவர்களுக்கு நம்பிக்கை பிறக்கும் என்று அவருக்கு விளக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

உங்கள் விசாரணைக் குறிப்புக்கு, என் பெயர் ரகுபதி. வக்கீல், நோட்டரி. ஒரகடம் கூட்டுரோட்டில் பிரியாணிக் கடை மாடியில் ஆபீஸ். என் கட்சிக்காரர்கள் எல்லாம் கடலுக்கு அப்பால் தலைமையகம் வைத்திருக்கும் கம்பெனிகள். அவர்களுடைய தாள் எதுவானாலும் அடியில் ஒரு வரி இருக்கும்: இன்னார் நேரில் வந்து என் முன்னிலையில் ஒப்பமிட்டார். யாரும் வந்ததில்லை. கையெழுத்துப் போட்ட தாள்களை டிரைவர் கொண்டுவருவார், நான் முத்திரை குத்துவேன், அவர் கீழே பிரியாணி வாங்கிக்கொண்டு போவார். இந்தப் பக்கத்து நோட்டரிகள் எல்லாருக்கும் இதுதான் வழக்கம். என் முன்னிலையில் நிஜமாகவே தோன்றியவர்கள் என்றால் டிரைவர்கள்தான்.

ஷாரோன் மட்டும் நேரில் வந்தாள்.

சேரப்பணஞ்சேரிப் பெண். கார் கதவுக்குத் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. பக்கத்து பிரஸ் மிஷினில் நின்ற அன்பு என்ற பையன் அதற்குள் சிக்கிச் செத்துப்போயிருந்தான். உள்ளே கை போனால் மிஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அடிக்கடி நின்றால் லைன் தாமதமாகிறது என்று அதன் கண்ணில் டேப் ஒட்டச் சொன்னது சூப்பர்வைசர். இதை ஷாரோன் கடல் தாண்டித் தலைமையகத்துக்கே எழுதிவிட்டாள். சத்தியப் பிரமாணமாக, நோட்டரி முத்திரையோடு அனுப்பினால் எல்லா மிஷினையும் நிறுத்திச் சோதிப்போம் என்று அங்கிருந்து பதில் வந்திருந்தது.

ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடே வந்தவள், டைப் அடித்ததைப் படித்துக் காட்டச் சொன்னாள். என் சர்வீஸில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கே வாசிப்பு கொஞ்சம் தடுமாறியது.

"அன்பு அவனா கைய வுட்டான்னு சொல்லிகினு கீறாங்க சார். டேப்பு ஒட்டுனது யாருன்னு ஒருத்தரும் கேக்கல" என்றாள்.

தமிழில், ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். ரிப்பன் கட்டிக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியில் அன்றைக்கு மதியம் தூக்கம்கூட நன்றாக வந்தது.

அடுத்த வாரம் அந்தக் கம்பெனியின் எச்.ஆர். ஜோயல் வந்தான். மணிமங்கலத்துப் பையன், மரியாதையானவன், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான். முன்னே சொன்னது கோபத்தில் சொன்னது, வாபஸ் வாங்குகிறேன் என்று ஷாரோன் பெயரில் ஒரு தாள் வைத்திருந்தான். கையெழுத்து இங்கிலீஷில், வால் சுழித்து அழகாக இருந்தது. அவளைக் கூட்டிவா என்றேன்.

"ஷிப்ட்ல கீது சார். மேல ஓ.டி. வேற. இது போவலன்னா அத வேலைய வுட்டே எடுத்துருவாங்க. நீங்க பாத்து ஏதாச்சும் பண்ணுங்க."

நான் பார்த்துச் செய்தேன். யோசித்துப் பாருங்கள், மேடம். அந்தப் பெண்ணுக்கு அப்பா இல்லை. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. நான் மறுத்தால் எதிர் மாடியில் பாண்டுரங்கன் இருக்கிறார், அவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டார். நானாவது ஒருமுறை பெருமூச்சு விட்டுவிட்டுக் குத்தினேன்.

என் முத்திரையைத் தலைமையகத்தில் அப்படியே நம்பினார்கள். ஒரகடத்துக்கு வந்து மிஷினைப் பார்ப்பதைவிட அரக்கைப் பார்ப்பது சுலபம். புகார் முடிந்தது என்று ஷாரோனுக்கு எழுதிவிட்டார்கள். அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மாடி ஏறி வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்து டீ சொல்லி அனுப்பினேன். அவள் சத்தமே போடவில்லை.

"நான் எப்ப சார் வந்தேன்?"

கம்ப்யூட்டரில் ஏதோ குளறுபடி என்றேன். அவள் டீயைத் தொடவில்லை.

"வாபஸ் வாங்க அந்தப் பொண்ணு வரவே இல்லன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார். அது போதும். அன்பு மிஷின்ல இப்ப என்னத்தான் நிக்க வச்சிகிறாங்க. டேப்பு அப்படியேதான் கீது."

ஒரு வரிதான். எழுத நேரம் ஆகாது. ஆனால் அந்த வரியை எழுதினால், அதுவரை என் முன்னிலையில் வந்ததாகச் சொன்ன அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார்கள். நோட்டரி லைசென்ஸும் அவர்கள் பின்னாலேயே போகும். இதை அவளிடம் சொல்ல முடியாது. இன்றைக்கு முத்திரையை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன், திங்கட்கிழமை வா என்றேன். முத்திரை மேஜைமேல்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சரி சார் என்று சொல்லி இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை ஜோயல்தான் வந்தான். செருப்போடு உள்ளே வந்துவிட்டான். நாற்காலியில் உட்கார்ந்தான். ஷாரோனுக்கு ரெண்டு கையும் போச்சு சார் என்றான்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். செலவெல்லாம் கம்பெனி ஏற்கும். தலைமையகத்துக்கு அவசரமாக ஒரு தாள் மட்டும் போக வேண்டும்: அன்பு செத்த அன்றும் இன்றும் சென்சாரில் டேப் ஒட்டியது நானேதான், யார்மேலும் குற்றமில்லை என்று ஷாரோன் சொல்வதாக. அது இல்லாமல் செலவுப் பணம் வராதாம். இனிமேல் அவளால் எப்படிக் கையெழுத்துப் போட முடியும், கைநாட்டுக்கும் வழியில்லையே என்று ஜோயல் அழ ஆரம்பித்துவிட்டான்.

யாராவது அழுதால் எனக்குத் தாங்காது. கால் பெருவிரல் ரேகை வைக்கலாம், சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது என்று நான்தான் சொன்னேன். அதுவரை அவனுக்குத் தெரியாது. பாண்டுரங்கனுக்கும் தெரிந்திருக்காது.

இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வராந்தாவில் அவள் அம்மா ராஜாமணி உட்கார்ந்திருந்தார். வக்கீல் என்றதும் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எம் பொண்ணு உங்கள பத்தி சொல்லிகிது சார். திங்கக்கெழம உங்களாண்ட வரணும்னு சொல்லிகினே இருந்திச்சு. நீங்களே வந்துட்டீங்க. நல்லா இருப்பீங்க."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

ஷாரோன் தூங்கிக்கொண்டிருந்தாள். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். ஜோயல் போர்வையை விலக்கினான். மையை நானே தடவினேன். இடது கால் பெருவிரல். ரேகை ஒரே தடவையில் சுத்தமாக விழுந்தது. தடவியதில் பாதம் லேசாகக் கூசியது போலிருக்கிறது, விரல்கள் மடங்கி விரிந்தன. மையைத் துடைத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடினேன். வெளியே வந்து ராஜாமணியம்மாவை ஏதாவது சாப்பிடச் சொன்னேன்.

கேட்பீர்கள் என்று தெரியும், மேடம். எழுப்பியிருக்கலாம்தான். ஆனால் அவ்வளவு அசதியாகத் தூங்குகிற பிள்ளையை எழுப்ப யாருக்கு மனசு வரும்?