பசுவைப் பார்க்க வந்து ஆளைக் காத்த கைராசி

கன்றின் கதறலுக்கும் கண்விழிக்கும் கருணையே! கொம்பு சிலுப்பும் காளைக்கும் குறுநகையோடு ஊசி போடும் கொங்குக் குலவிளக்கே! அவிநாசி வட்டாரத்து வாயில்லா உயிர்களுக்கு வாயாய் வாய்த்து, இன்று பணி ஓய்வு பெறும் கால்நடை மருத்துவர் சாரதாமணி அம்மையீர்! வணக்கம்!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால், "போதுங்க, அங்க மாடு நிக்குது" என்று எழுந்துவிடுவீர்கள். ஆகவே வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறோம், பொறுத்தருள்க!

திருமூர்த்தி அவர்களின் பனியன் கம்பெனிக்குப் பின்புறம் அவருடைய மாட்டுக் கட்டுத்தரை. ஒரு மழைக்காலத்தில் அங்கே சினைப்பசு மாதம் நிறையும் முன்பே கன்று வீசிவிட, டாக்டரம்மா விரைந்தார். மாடு மெத்தென்று படுக்கட்டும் என்று பனியன் வேஸ்ட் துணியை விரிப்பது நம் ஊர்ப் பாசம். நனைந்த துணியை, தெற்கேயிருந்து வந்து மாடுகளைக் கவனித்துக்கொண்ட ராஜபாண்டி, வெறுங்கையால் பிழிந்து மறுபடி விரிப்பார். வேஸ்ட் மூட்டைக்குள்ளோ எலிகள் குடும்பம் நடத்தின.

அன்று ராஜபாண்டி கட்டுத்தரையை ஒட்டிய அறையில் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். மஞ்சள் காமாலை என்று மனைவி வேல்விழி கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்தார். பசுவைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு வந்த டாக்டரம்மா, ராஜபாண்டியின் மஞ்சளோடு சிவப்பும் ஏறிய கண்ணைப் பார்த்தார், கெண்டைக்காலை அழுத்தினார். ராஜபாண்டி துடித்துப்போனார்.

"மாட்டுக்கு வந்த டாக்டரு எங்காலப் பாக்கீகளே!"

"ஏனுங்க, மாட்டுச் சீக்கு மனுசனுக்கு வருமுங்களா?" என்றார் திருமூர்த்தி.

"வருமுங்க. எலி மூத்திரத்துல இருக்கற கிருமிக்கு மாடு, நாய், ஆளுன்னு பேதமில்லீங்க. ஈரத்துல உசுரோட கெடந்து, கால் வெடிப்புல, கைப் புண்ணுல பூந்துக்கும். மாடு கன்னு வீசும். ஆளுக்குக் கிட்னி போயிருமுங்க. காரை எடுங்க!"

மாட்டு டாக்டர் சொன்னது தப்பாய்ப் போனால் ஊரே சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும் என்று டாக்டரம்மா தாமே உடன் ஏறினார். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள், எலிக்காய்ச்சலேதான்! தாமதித்திருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றார்கள். மருந்து ஏறியது, ஆள் பிழைத்தார். பசுவும் சிகிச்சையில் தேறியது.

அதோடு விட்டாரா? கட்டுத்தரை காய வேண்டும், மூட்டை வெளியேற வேண்டும், நாய்க்குத் தடுப்பூசி, ஆளுக்குக் கையுறை, முழங்கால் வரை ரப்பர் கம்பூட்ஸ்! வணக்கம் சொன்னாலும் முதலில் நம் காலைத்தான் பார்ப்பார். பூட்ஸ் இல்லாதவர் அன்று தொலைந்தார்!

அம்மையீர்! பட்டு மின்னப் பன்னீர் மணக்கும் இம்மண்டபத்தின் முதல் வரிசையைப் பாருங்கள். வெள்ளை வேட்டிக்குக் கீழே கம்பூட்ஸோடு ராஜபாண்டி! வாசலில் கழற்றச் சொன்னோம். "டாக்டரம்மா வைவாக" என்று மறுத்துவிட்டார்.

நோய்நொடி அண்டாமல் நெடுங்காலம் நிறைவாய் வாழ்க! எங்கள் கால்களைப் பார்க்க அடிக்கடி வருக!

என்றும் தங்கள் வசவுக்கு ஏங்கும்
கால்நடை மருந்தகப் பணியாளர்கள்