மாமா விழுந்த பதிவுகள்

எங்க கடையோட வலைப்பதிவை யாருமே படிக்கலைன்னு என் மச்சான் உங்ககிட்ட சொல்லியிருப்பார். அது தப்பு சார். என் மாமனார் படிச்சார். காலையில கண்ணு முழிச்சதும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கிட்டு, செல்லை மூக்குக்கிட்ட வச்சு, ஒரு வரி விடாம படிப்பார். கீழே 'அருமை மாப்பிள்ளை'ன்னு எழுதுவார். வேற யாரும் எழுதாததால பதிவுக்குப் பதிவு அந்த ஒரு 'அருமை' மட்டும் நிக்கும். பாக்க எனக்கே வெக்கமா இருக்கும்.

கடை மச்சானோடது, அதாவது என் மனைவியோட அண்ணன். வயசானவங்க பாத்ரூம்ல விழாம இருக்க என்னென்ன வேணுமோ எல்லாம் விப்போம். சுவத்துல மாட்டுற கைப்பிடிக் கம்பி, வழுக்காத ரப்பர் விரிப்பு, உட்கார்ந்து குளிக்க ஸ்டூல். எனக்கு எழுத வரும்னு யாரோ சொல்லப்போக, பில் போடற வேலையோட இதையும் என் தலையில கட்டிட்டார். நானும் 'வழுக்காத தரை, வாடாத புன்னகை', 'கம்பியும் கௌரவமும்'னு எழுதித் தள்ளினேன். "எங்க அப்பாவைத் தவிர ஒரு ஈ காக்கா வரலையே மாப்பிள்ளை"ன்னு ஒரு நாள் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார். எனக்குச் சுருக்குன்னுது.

அப்புறம் ஒரு ஆலோசகரைக் கூட்டிட்டு வந்தார். கோட்டு போட்ட ஆள், பேச்செல்லாம் தேன். கூட்டத்துல தனியாத் தெரியணும்னா கடையைப் பத்தி எழுதாதீங்க, மனுஷன் படற பாட்டை எழுதுங்க, நடந்ததை எழுதுங்கன்னார். எதிர்க் கடைக்காரன் இதைக் கேட்டுட்டு இல்லாத ஒரு அம்மாவை இருக்கற மாதிரி எழுதி, எங்கிருந்தோ ஒரு படத்தைச் சுட்டுப் போட்டு மாட்டிக்கிட்டான். படிச்சவங்க அவனைக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டாங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன், நான் நடந்ததைத்தான் எழுதுவேன்னு. எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பொய் ஆகாது.

முதல் தடவை மாமா தானாத்தான் விழுந்தார். அதை நீங்க கண்டிப்பா குறிச்சுக்கணும். ஊருக்கெல்லாம் கம்பி விக்கிறோம், எங்க வீட்டு பாத்ரூம்ல ஒரு கம்பி கிடையாது. சத்தம் கேட்டு ஓடினேன். போட்டோ எடுத்துட்டுத் தூக்கினேன். அன்னிக்கே எழுதினேன், ஜனம் குவிஞ்சுது. 'எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு', 'ஐயா இப்ப எப்படி இருக்கார்'னு கேள்வி மேல கேள்வி. மாமா கட்டுப் போட்ட கையை மடியில வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தன்னை யாரும் இவ்வளவு விசாரிச்சதே இல்லைன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டார். கடையில கம்பி எல்லாம் தீர்ந்து போச்சு. வீட்டுக்கும் ஒண்ணு மாட்டி, கீழே ரப்பர் விரிப்பும் போட்டோம்.

கஷ்டம் என்னன்னா, அவர் குணமாயிட்டார். 'ஐயா நலம்'னு ஒரு பதிவு போட்டேன், சீந்துவாரில்லை. நல்லா இருக்கறவரைப் பத்தி யாருக்கு சார் அக்கறை? மச்சான் மறுபடியும் ஈ ஓட்டறோம்னு முனக ஆரம்பிச்சார். என் மனைவி, அதான் அந்த மகராசி, சும்மா கற்பனையா எழுதிட்டுப் போங்களேன்னா. எனக்கு வந்த கோவத்துக்கு ரெண்டு நாள் அவகூடப் பேசலை. நம்பி வர்றவங்களை ஏமாத்தறதா?

அதனால பாத்ரூம் விரிப்பை எடுத்துத் துவைக்கப் போட்டேன். தரையைக் கழுவினேன், ஷாம்பு கொஞ்சம் தாராளமாயிடுச்சு. இந்தத் தடவை கால். 'யாரோ விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள்'னு எழுதினேன். படிச்சுப் பாருங்க, ஒரு வார்த்தை தப்பு இருக்காது. முன்னைவிட ரெட்டிப்பா ஜனம் வந்துச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மாமா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இனிமே நான் குளிக்கறப்ப நீங்க வெளியில நில்லுங்க மாப்பிள்ளை. உங்களைத்தான் நம்பறேன்"னார். கண்டிப்பா நிக்கறேன் மாமான்னு அவர் கையில அடிச்சுச் சொன்னேன். கல் நெஞ்சுக்காரன்னு என்னை நினைச்சுடாதீங்க.

மூணாவது, கம்பியைச் சரியா மாட்டலைன்னா என்ன ஆகும்னு எழுத வேண்டியிருந்தது. கடையிலேர்ந்தே ஆள் அனுப்பி மாட்டித் தர ஆரம்பிச்சிருந்தோம், அதுக்கு விளம்பரம். திருகாணிகளைத் தளர்த்தி வச்சேன். பதிவை முன்னாடியே எழுதி, ஜனங்க வேலைக்குக் கிளம்பறப்ப தானா வெளியாகற மாதிரி நேரம் வச்சுட்டேன். காலையிலதான் கூட்டம் அதிகம் வரும். மாமாவும் விடியறதுக்குள்ள எழுந்து குளிச்சுடற ஆள். அன்னிக்குப் பார்த்து, கால் வலி மாத்திரையோ என்னவோ, அசந்து தூங்கிட்டார். பதிவு முன்னாடி வந்துடுச்சு, அவர் பின்னாடிதான் விழுந்தார். அதை வச்சுத்தானே என்னைப் பிடிச்சீங்க.

எழுந்ததும் வழக்கம்போல செல்லை எடுத்துப் படிச்சிருக்கார். என்கிட்ட வந்தார். கோவமெல்லாம் இல்லை.

"நான் எப்ப மாப்பிள்ளை விழுந்தேன்? கற்பனையா? இருந்தாலும் நல்லா எழுதியிருக்கீங்க."

கற்பனை. அந்த வார்த்தை என்னை எப்படிக் குத்துச்சு தெரியுமா? ஊரே படிச்சுக்கிட்டு இருக்கு, எழுதினதோ நடக்கலை. எதிர்க் கடைக்காரனுக்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? நினைச்சிருந்தா பதிவை எடுத்திருக்கலாம், திருகாணியை முறுக்கியிருக்கலாம். ரெண்டும் தோணாம இல்லை. ஆனா பொய்யை வெளியில விட்டுட்டு அப்படியே உட்கார்ந்திருக்கற ஆள் நான் இல்லை.

"அப்புறம் சொல்றேன் மாமா. நீங்க குளிச்சுட்டு வாங்க. கம்பியை நல்லாப் பிடிச்சுக்குங்க"ன்னேன்.

சரின்னுட்டுத் துண்டை எடுத்துக்கிட்டுப் போனார். சொன்ன மாதிரியே வெளியில நின்னேன்.

தலை குழாயில அடிபடும்னு நான் எதிர்பார்க்கலை. அவர் உயிரை எடுக்கணும்னு எனக்கு என்ன வேண்டுதலா? இருந்த ஒரே வாசகர் சார் அவர். இப்ப என் கவலையெல்லாம் ஒண்ணுதான். அந்தப் பதிவுல 'இடுப்பு முறிந்தது, நினைவோடு இருக்கிறார், உங்களையெல்லாம் விசாரித்தார்'னு போட்டிருக்கேன். சீக்கிரம் குணமாகணும்னு ஜனங்க இன்னும் எழுதிக்கிட்டே இருக்காங்களாம். அது அப்படியே கிடந்தா என் பேர் என்னாகறது? என் செல்லை ஒரு நிமிஷம் குடுங்க, அந்த வரியை மட்டும் திருத்திட்டுத் தந்துடறேன்.